செங்கொடியும் பச்சைக்கொடியும் ஒரே சாம்பல்

மும்பையின் கெமோல்ட் பிரெஸ்காட் ரோடு காலரியில் 2017இல் ‘ஹோம் இன் த சிட்டி’ என்ற கண்காட்சி நடந்தது. படங்களை எடுத்தவர் சூனி தாராபோர்வாலா. ‘சலாம் பாம்பே’ படத்தின் திரைக்கதை ஆசிரியர் என்றால் சினிமா பார்ப்பவர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அந்தப் படத்துக்கு முன்பே, 1977இலிருந்து, பிறந்த ஊரான பம்பாயைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்துவந்தவர் அவர். ஒரு மாநகரத்தின் நாற்பது வருடம் ஒரே சுவர்களில் மாட்டப்பட்டது.

இப்படியொரு தொகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. வண்ணப்படம் தன் வயதைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். எழுபதுகளின் வண்ணப் பிரிண்ட் சிவந்துபோயிருக்கும். தொண்ணூறுகளின் பிரிண்டுக்கு லேப் போட்ட நிறம் ஒன்று இருக்கும். கைபேசிப் படத்துக்கு அதற்கே உரிய பளபளப்பு. கறுப்பு-வெள்ளையில் இந்த அடையாளம் கிடையாது. 1977இல் எடுத்ததும் 2017இல் எடுத்ததும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் எது பழையது என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. பேருந்தின் முகப்பைப் பார்க்க வேண்டும், கடைப் பலகையைப் படிக்க வேண்டும், பேன்ட்டின் கால் அகலத்தைக் கவனிக்க வேண்டும். படத்தின் வயதை நிறம் சொல்லாதபோது தெரு சொல்லியாக வேண்டும். பார்ப்பவரைத் தெருவின் விவரங்களுக்குள் இழுத்துவிடுகிற இந்தக் கட்டாயம்தான் கறுப்பு-வெள்ளைத் தெருப்படத்தின் பெரிய பலம் என்பது என் கட்சி.

கொச்சியில் இது தலைகீழாக நடக்கிறது. நகரின் கலூர்ப் பகுதியிலிருந்து மேற்கே போய், காயலைத் தாண்டி மட்டாஞ்சேரிக்குள் நுழைந்தால் விடுதி வரவேற்பறைகளிலும் காபிக் கடைகளிலும் அஞ்சலட்டைத் தட்டுகளிலும் அந்த ஊரே கறுப்பு-வெள்ளையில் தொங்குகிறது. காரை உதிர்ந்த கிடங்குச் சுவர், அதன் நிழலில் ஒரு ஆடு, மூட்டை சுமக்கும் முதுகு, சீனவலை. போன வாரம் எடுத்த படமும் போன நூற்றாண்டுப் படம்போல் நிற்கிறது. இன்று உயிரோடு இருக்கும் ஒரு தெருவைப் பழசாக்கிக் காட்ட அந்த நிறம் கூலிக்குப் போயிருக்கிறது.

கறுப்பு-வெள்ளை நம் நாட்டில் கலைப் பாணியாக வந்ததல்ல. கைக்கு எட்டியது அதுதான். எழுபதுகள்வரை ஒரு சிற்றூர் ஸ்டுடியோக்காரர் வண்ணச் சுருளைத் தன் கடையிலேயே கழுவ முடியாது. வண்ண நெகட்டிவுக்கான ரசாயனக் குளியல் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸில் இம்மி பிசகாமல் நிற்க வேண்டும். கால் டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் நிறம் மாறும். கோடக்ரோம் போன்ற சுருள்களுக்கு அதற்கென்றே அமைந்த பெரிய ஆய்வகம் வேண்டும். கறுப்பு-வெள்ளைக்கு ஒரு இருட்டறை, மூன்று தட்டு, ஒரு சிவப்பு விளக்கு, டெவலப்பர், ஹைப்போ போதும். பத்திரிகைகளும் கறுப்பு-வெள்ளையில்தான் அச்சாயின. ஆகவே செய்திப் புகைப்படக்காரர் தெருவில் நின்று வேறு எதையும் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்டது. பிரான்ஸின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. நீலகிரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்குள்ள குளிரும் தூசியற்ற காற்றும். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைச் சுருள், புரோமைடு காகிதம், ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே படலம் எல்லாம் அங்கிருந்து நாடெங்கும் போயின. வெள்ளியுப்பு கலந்த ஜெலட்டினைப் படலத்தின் மேல் பூசும் வேலை வெளிச்சத்தில் நடக்காது. எல்லா நிறத்துக்கும் கூருணர்வுள்ள பாங்க்ரோமேட்டிக் சுருளுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது; முழு இருட்டு வேண்டும். நாடு தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டு ஊட்டியில் ஒரு கூட்டம் ஷிப்ட் முழுவதும் கும்மிருட்டில் கைத்தடவலில் வேலைசெய்தது. டிஜிட்டல் வந்தபின் ஆலை நொடித்தது. 2014இல் தொழிலாளர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு மூடியே விட்டார்கள். இந்தியத் தெருப்புகைப்பட வரலாறு எழுதுபவர்கள் லைக்கா கேமராவுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்குகிறார்கள். ஊட்டி ஆலைக்கு ஒரு அடிக்குறிப்புகூட வருவதில்லை.

அந்த லைக்கா நிறுவனம் 2012இல் கறுப்பு-வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தது. உடல் மட்டும் ஏழாயிரம் டாலருக்கு மேல், லென்ஸ் தனி. ஏழை ஸ்டுடியோக்காரனின் நிறம் அரை நூற்றாண்டில் சீமான்களின் நிறமாகிவிட்டது.

காலரிகளின் மனப்பான்மையும் இதற்கு உதவியது. 1976இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வில்லியம் எகில்ஸ்டனின் வண்ணப்படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தபோது கடுமையான கேலி எழுந்தது. வண்ணம் என்றால் விளம்பரம், கல்யாண ஆல்பம். கலை என்றால் கறுப்பு-வெள்ளை. அமெரிக்காவில் அந்த எண்ணம் உடைந்துபோனது. நம் காலரிகளில் அதன் நிழல் இன்னும் இருக்கிறது.

அந்த எண்ணத்தை இந்தியாவிலிருந்து நேருக்குநேர் எதிர்த்தவர் புகைப்படக்காரர் ரகுபீர் சிங் (1942–1999). பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸோனை இளம் வயதில் ஜெய்ப்பூரில் சந்தித்து, அவர் வேலைசெய்வதைப் பார்த்தவர். ஆனாலும் வண்ணத்தையே பிடித்துக்கொண்டார். மேற்கின் கறுப்பு-வெள்ளைக்குள் ஒரு தனிமையும் துக்கமும் ஊறியிருக்கின்றன, இந்தியப் பார்வை அப்படிப்பட்டதல்ல, நம் சிற்றோவியங்கள் தொட்டு நிறம் என்பது இங்கே அலங்காரமல்ல, சிந்தனையின் பகுதி என்பது 1998இல் வந்த ‘ரிவர் ஆஃப் கலர்’ நூலில் அவர் வைத்த வாதத்தின் சாரம். கேரளத்தைப் பற்றி 1986இல் அவர் கொண்டுவந்த நூலும் வண்ணம்தான். பிறகு தமிழ்நாட்டைப் பற்றியும் ஒன்று வந்தது.

இந்த வாதத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். எதிர்சாட்சி அவர் பக்கத்திலேயே இருந்தது. அவருடைய தாக்கத்தில் பம்பாய்த் தெருவுக்கு வந்த கேதகி சேட், கறுப்பு-வெள்ளையில் எடுத்து ‘பம்பாய் மிக்ஸ்’ என்ற நூலாக 2007இல் கொண்டுவந்தார். பாப்லோ பார்த்தலோமியு எழுபது எண்பதுகளின் டெல்லி, பம்பாய், கல்கத்தா மூன்றையும் அப்படியே எடுத்தார். இவர்கள் யாரும் மேற்கத்தியத் துக்கத்தை இறக்குமதி செய்யவில்லை.

எல்லாரையும்விட வலுவான சாட்சி ரகு ராயின் ஒரு படம். சர்ச்கேட் ரயில் நிலையம், 1995. ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்து எடுத்தது. இறங்கி ஓடும் கூட்டம் முழுக்கக் கலங்கிக் கிடக்கிறது; தலையும் தோளும் பையும் ஒன்றோடொன்று கரைந்து, புகை நகர்வதுபோல் நகர்கிறது. நடுவில் சிலர் மட்டும் அசையாமல் செய்தித்தாளில் மூழ்கியிருக்கிறார்கள். அவர்கள் மட்டுமே கூர்மையாக விழுந்திருக்கிறார்கள். இதே படத்தை வண்ணத்தில் யோசித்துப் பாருங்கள். கலங்கிய கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சிவப்புச் சட்டை, ஒரு மஞ்சள் பை கண்ணைப் பிடித்து இழுக்கும். நிற்பவனுக்கும் ஓடுபவனுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாம் பட்சமாகிவிடும். நிறம் போனதால் அசைவும் அசைவின்மையும் மட்டும் மிஞ்சின. பம்பாயைப் பற்றி அதைவிடச் சொல்ல என்ன இருக்கிறது? இந்தப் படத்தில் பழமை வாசனை துளியும் இல்லை. 1995இன் காலை நெரிசல் அது, அவ்வளவுதான்.

சரி, நம் கரையோர வெயிலுக்கு வருவோம். கொச்சி பத்தாவது அட்சக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே. கண்குழி, மூக்கின் அடி, தாடை எல்லாம் நிழல். அதில் வெள்ளை வேட்டி கட்டிய, வெயிலில் கறுத்த ஒரு மனிதர் எதிரே வருகிறார். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். படச்சட்டத்தில் பாதி வேட்டி என்றால், ஐயோ வெளிச்சம் அதிகம் என்று முடிவுகட்டி ஒளியைக் குறைத்துவிடும். வேட்டியின் மடிப்பு அழகாக வரும், முகம் கரிக்கட்டையாகும். முகத்துக்கு அளந்தால் வேட்டி வெறும் வெள்ளைத் துளை. பழைய கைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: நிழலுக்கு அளந்து எடு, கழுவும்போது நேரத்தைக் குறை. அதிலும் ஒரு சங்கடம். டெவலப்பருக்குச் சொல்லப்பட்ட வெப்பம் 20 டிகிரி. இங்கே குழாய்த் தண்ணீரே 28, 30. அங்கே எட்டு நிமிடம் ஆகும் வேலை இங்கே பாதி நேரத்துக்குள் முடிந்து, ஜெலட்டினும் இளகத் தொடங்கும். டெவலப்பர் தட்டைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டுக்கொண்டு வேலைசெய்தார்கள்.

ஸ்டுடியோவில் நடந்தது வேறு கதை. அங்கே நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் டச்சிங் செய்து முகத்தை வெளுப்பாக்கித் தந்தார்கள். வாடிக்கையாளர் கேட்டதும் அதுதான். தெருப் புகைப்படக்காரருக்கு அந்த வசதியும் இல்லை, நியாயமாக அது தேவையும் இல்லை. கறுத்த முகத்துக்குள் எத்தனை அடுக்குக் கறுப்பு இருக்கிறது என்று காட்டுவதில்தான் ஒரு பிரிண்டின் தரம் தெரியும். கண்காட்சிக்குப் போகிறவர்கள் சட்டத்தையும் தலைப்பையும் பார்ப்பதற்கு முன் அங்கே கண்ணை வைக்கலாம். முகங்கள் அடைகறுப்பாகவும் பின்னணிச் சுவர் மட்டும் கோடு கோடாகத் தெளிவாகவும் இருந்தால், எடுத்தவருக்கு மனிதர்களைவிடச் சுவரின் மேல்தான் பிரியம்.

மட்டாஞ்சேரிப் படங்களில் பெரும்பாலும் சுவர்தான் ஜெயிக்கிறது. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் இணைந்து கொச்சி மாநகராட்சி பிறந்தது 1967 நவம்பர் 1இல். அதன்பின் எர்ணாகுளக் கரை கட்டடமாக வளர்ந்தது. மட்டாஞ்சேரி ‘பாரம்பரியம்’ ஆனது. 2012 டிசம்பர் 12இல் கொச்சி-முசிறி பினாலே தொடங்கி, 1867இல் ஏற்பட்ட ஆஸ்பின்வால் கம்பெனியின் கட்டடமும் பழைய மிளகுக் கிடங்குகளும் கண்காட்சிக் கூடங்களானபோது அந்தப் பழமைக்கு உலக மதிப்பும் வந்துசேர்ந்தது. பினாலே நல்ல படங்களையும் கொண்டுவந்தது. 2016இல் கே. ஆர். சுனில் தேய்ந்துவரும் பொன்னானித் துறைமுகத்து மனிதர்களைக் காட்டிய ‘வானிஷிங் லைஃப்-வேர்ல்ட்ஸ்’ தொடர் அவற்றில் ஒன்று. மட்டாஞ்சேரியில் 1964இல் பிறந்த அபுல் கலாம் ஆசாத், பி.டி.ஐ.யில் செய்திப் புகைப்படக்காரராக இருந்து, பிறகு திருவண்ணாமலையில் குடியேறி ஏகலோகம் அறக்கட்டளையை நடத்துகிறார். அந்த ஊரின் அன்றாடத்தைப் பதிவுசெய்யும் ‘பிராஜெக்ட் 365’ அவர் முன்னெடுத்தது. மட்டாஞ்சேரிக்காரர் நம் ஊரை எடுக்கிறார். நம் ஊர்க்காரர்கள் வார இறுதியில் ரயிலேறி அவர் ஊரை எடுக்கப் போகிறார்கள்.

போகிறவர்கள் தவறாமல் நிற்கும் இடம் ஃபோர்ட் கொச்சியின் தோபி கானா. அங்கே துவைப்பவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர் காலத்தில் படையாட்களின் உடுப்பை வெளுக்க அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. வரிசையாகக் கல்தொட்டிகள், முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையில் கிளிப் இல்லாமல் செருகிக் காயவைத்த விரிப்புகள், கனமான இஸ்திரிப் பெட்டி. கறுப்பு-வெள்ளைக்கென்றே அமைந்த காட்சி என்று தோன்றும். ஆனால் அங்கே எடுக்கப்படும் படங்களின் அடியில் அவர்கள் தமிழர்கள் என்றோ, சங்கம் வைத்து அந்த இடத்தை நடத்துகிறார்கள் என்றோ ஒரு வரி இருப்பது அபூர்வம். ‘பழைய கொச்சி’ என்று மட்டும் இருக்கும். விரிப்பு வெளுத்த கைக்குப் பெயர் கிடையாது.

நிறம் போவதால் இழப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு கம்பத்தில் செங்கொடி, அடுத்த கம்பத்தில் முஸ்லிம் லீகின் பச்சைக்கொடி. பாங்க்ரோமேட்டிக் சுருளில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல். லென்ஸின் முன் சிவப்பு ஃபில்டர் போட்டால் செங்கொடி வெளுக்கும், பச்சைக்கொடி கறுக்கும். பச்சை ஃபில்டர் போட்டால் நேர்மாறு. டிஜிட்டலில் ஃபில்டரும் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து விரலால் நகர்த்தினால் ஆயிற்று. கேரளத் தெருவின் அரசியலை ஒரு புகைப்படக்காரர் தன் இஷ்டத்துக்கு வெளுக்கவும் கறுக்கவும் முடியும் என்றால், ரகுபீர் சிங்கின் ஆட்சேபத்தில் நான் ஏற்கும் பாதி இதுதான். அதற்கு மருந்து படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு. எந்த மூலை, எந்தத் தேதி, யாருடைய ஊர்வலம்: இது இல்லாத கறுப்பு-வெள்ளைத் தெருப்படம் அரைப்படம்.

மட்டாஞ்சேரித் தெருவின் நிஜமான பழசு எது என்பதற்குச் சாட்சி சுவர்களில் இல்லை. துறைமுக வேலைக்கு ‘சாப்பா’ என்னும் உலோக வில்லையை ஆள்பிடிப்பவர்கள் கூட்டத்தில் வீசுவார்கள். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. இதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15இல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆன்டணி என்ற தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். கே. எம். சிதம்பரன் இதை நாடகமாக்கினார். அவர் மகன் கோபன் சிதம்பரனின் திரைக்கதையில் ராஜீவ் ரவி எடுத்த ‘துறமுகம்’ 2023இல் வெளியானது. அதன் தொடக்கப் பகுதி, நாற்பதுகள், கறுப்பு-வெள்ளையில் இருக்கிறது. பிறகு வண்ணம் வருகிறது. அந்தக் கறுப்பு-வெள்ளையில் அழகான சுவரே கண்ணில் படாது. சேற்றில் புரண்டு வில்லைக்குக் கைநீட்டும் உடல்கள்தான். கடந்தகாலத்தைக் காட்ட இந்த நிறத்தைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யலாம் என்பதற்கு அது ஒரு பாடம்.

இத்தனைக்கும் நடுவே கலூரை யாரும் எடுப்பதில்லை. கொச்சியின் உண்மையான மாநகரத் தெரு இங்கேதான் இருக்கிறது. 2017 அக்டோபர் 3இல் மெட்ரோ இங்கே வந்தது. சாலை நடுவே தூண் வரிசை. காலை எட்டரை மணி வெயிலில் ஒவ்வொரு தூணும் பட்டையாக நிழல் போட, இருசக்கர வண்டிகள் வெளிச்சம்-நிழல்-வெளிச்சம் என்று வெட்டி வெட்டிப் போகின்றன. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் நொவேனாவுக்கு வருகிற கூட்டம். தனியார் பேருந்துகளின் கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயர்களைக் கூவும் கிளிகள். கண்டக்டருக்கு உதவும் ஆளுக்கு இங்கே அதுதான் பெயர். கட்டட வேலைக்கு விடியற்காலை வந்து நிற்கும் வங்காளிகள், ஒடியாக்காரர்கள், நம் தென்மாவட்டத்துக்காரர்கள்.

ஐ.எஸ்.எல். கால்பந்து ஆட்டம் உள்ள சாயங்காலம் ஜவாஹர்லால் நேரு அரங்கைச் சுற்றிப் பார்க்க வேண்டும். 2014இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் சொந்த மைதானமானது அது. ரசிகர்களுக்கு ‘மஞ்ஞப்படை’ என்று பெயர். மஞ்சள் சட்டை, மஞ்சள் கொடி, மஞ்சள் பூசிய கன்னம். வண்ணத்தில் எடுத்தால் படம் முழுக்க மஞ்சள்தான், வேறொன்றும் தெரியாது. கறுப்பு-வெள்ளையில் அந்த மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாகிச் சரிந்துவிடும். அப்போது மிஞ்சுவது முகம்: பத்தொன்பது வயதுப் பையனின் பதற்றம், தோளில் குழந்தையை வைத்த அப்பா, தண்ணீர்ப் போத்தல் விற்கும் பெண்ணின் சலிப்பு. அணியின் நிறம் கழன்றதும் ஆட்கள் தனித்தனியாகிறார்கள். சர்ச்கேட்டில் ரகு ராய் செய்ததை இங்கே செய்ய ஒரு ஆள் வேண்டும்.

அப்படிப் படங்கள் சேர்ந்தால் அவற்றை எங்கே மாட்டுவது, யார் தேர்ந்தெடுப்பது? சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மையர் (1926–2009) எடுத்த நெகட்டிவ்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2007இல் வாடகை பாக்கிக்காகக் கிடங்குச் சாமான்கள் ஏலம்போனபோது அவை வெளியே வந்தன. இன்று உலகம் சுற்றும் அவரது கண்காட்சிகளில் எந்தப் படம், எந்த அளவு, எவ்வளவு கறுப்பு என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் மற்றவர்கள். கண்காட்சி என்பதே இன்னொருவரின் கத்தரிக்கோல் என்பதற்கு அவர் கதை ஒரு எச்சரிக்கை. தெருவில் எடுக்கப்பட்டவர்களுக்கோ அந்தக் கத்தரிக்கோலின் பக்கத்தில்கூட இடமில்லை. பொது இடத்தில் படமெடுக்க நம் நாட்டில் பொதுவான தடை கிடையாது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தின் கோடு எங்கே விழுந்தாலும், மரியாதையின் கோடு தெளிவாகவே இருக்கிறது.

சென்னை ஃபோட்டோ பினாலே 2016இல் தொடங்கியபோதே பறக்கும் ரயில் நிலையம் முதலான பொது இடங்களுக்குப் படங்களைக் கொண்டுபோனது. கொச்சிக்கும் அது ஆகாத காரியமல்ல. கலூர் மெட்ரோ நிலையத்தின் கீழ்த்தளச் சுவர் போதும். நுழைவுச்சீட்டு வேண்டாம், திறப்புவிழாத் தேநீரும் வேண்டாம். அடுத்த முறை கேமராவோடு கொச்சி வருகிற தமிழ் நண்பர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: ஒரு நாளை இக்கரைக்கு ஒதுக்குங்கள். எடுத்த படத்தின் கீழே தேதியும் மூலையும் எழுதுங்கள். அந்த மனிதர் சம்மதித்தால் பெயரையும் எழுதுங்கள். ஒரு பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு கண்காட்சிக்கு அனுப்புங்கள்.